எதை எங்கே வைத்தேன்

மார்ச் 3
கண்ணாடிக் கடை

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம். என் போனை உன் அண்ணன் தினமும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுவதால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். பதிலை நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கே போடு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜூன் மாதம் என் மகள் வேலையில் சேர்ந்து விடுதிக்குப் போகிறாள். அதே வாரம் நானும் இந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். திரும்பி வருவதாக இல்லை. நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று நீ கேட்கலாம். உன் அண்ணன் என் மேல் கை வைத்ததே இல்லை. அடித்திருந்தால் காட்டலாம், இதை எங்கே கொண்டுபோய்க் காட்ட?

போன மாதம் அவருடைய அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "விடுங்க, எங்க மறதி மகாராணி சொல்றதையெல்லாம் நம்பாதீங்க. நேத்து என்ன சாப்பிட்டோம்னே ஞாபகம் இருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் விருந்தாளிகள் முன்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேனாம்.

மறதி என்னவோ உண்மைதான். வரவர அதிகமாகிறது, பயமாக இருக்கிறது. அது முற்றுவதற்குள் போய்விட வேண்டும். உன் வீட்டில் நாலைந்து மாதம் இடம் கொடுப்பாயா? நாத்தனாரிடம் அடைக்கலம் கேட்கிற முதல் அண்ணி நானாகத்தான் இருப்பேன்.

உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா? தனிக்கட்டைக்கு இரண்டு அறை எதற்கு? பின்னறையில் கிடந்த தையல் மெஷினை ஓரம் கட்டிவிட்டேன். ஜன்னல் பக்கம் கட்டில் போடுகிறேன்.

ஆனால் அவசரப்படாதீர்கள். சான்றிதழ்கள், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எனக்குத் தபாலில் அனுப்புங்கள். மொத்தமாக எடுத்தால் அலமாரி இளைத்தது தெரிந்துவிடும். துணியும் அப்படித்தான். அண்ணனிடம் சண்டையும் போட வேண்டாம், திடீரென்று பாசமும் காட்ட வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான்.

இன்னொன்று. சாவி, கைப்பை, மருந்து என்று எதை எங்கே வைத்தாலும் அன்றைக்கே ஒரு வரி எனக்கு எழுதிப் போடுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் எழுதுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

இன்றைக்குப் பரிசோதனைக் கூடத்தில் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருவர் என்னைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துவிட்டார். ஊசியைக்கூட இன்னும் எடுக்கவில்லை அண்ணி, என்னைத்தான் பார்த்தார்! சிரியுங்கள். சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

உங்கள் வாலு


ஏப்ரல் 2
கண்ணாடிக் கடை

அன்புள்ள வாலுக்கு,

நேற்று நான் போனில் அழுததில் நீ பயந்திருப்பாய். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை உனக்கு எழுதிய தபால் அட்டையில் என்ன இருந்தது? "அலமாரிச் சாவி, மேசை இழுப்பறை, வலது மூலை." வெள்ளிக்கிழமை பார்த்தால் இழுப்பறையில் சாவி இல்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாக எழுந்து போய், மிளகாய்த் தூள் டப்பாவிலிருந்து சாவியை எடுத்தார். "இங்கதானே வெச்சே? ஞாபகம் இல்லையா?" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, டாக்டரைப் பார்த்துடலாமா?" என்று கேட்டாள். சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன், வாலு! நேற்று கடைப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, நீ அட்டையை எடுத்து வாசித்துக் காட்டுகிற வரைக்கும், நான்தான் மிளகாய்த் தூளில் போட்டேன் என்று நம்பியிருந்தேன்.

எனக்கு மறதி இல்லை. பிரேமுக்கு லென்ஸ் மாட்டுகிற மேசையில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்த முதலாளி, "என்னம்மா, கண்ணாடி பவர் சரியில்லையா?" என்று கேட்டார். பவர் இப்போதுதான் சரியாயிருக்கிறது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. எனக்கு மறதி என்றுதானே நான் எழுதியிருந்தேன்? பொருள் இடம் மாறுகிறது என்று எனக்கே தெரியாதே. எழுதி வைக்கச் சொல்ல உனக்கு எப்படித் தோன்றியது?

உன் அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நோயெல்லாம் இல்லை. அப்போது எனக்குப் பதினாலு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அம்மா டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவளுடைய சாவியை எடுத்து அரிசி டப்பாவில் அமுக்கினான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அம்மா தேடி அலைந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். பிறகு கடிகாரம் காணோம், விடைத்தாள் கட்டு காணோம். அப்பா எல்லார் முன்னாலும் திட்டினார். அம்மா வேலையை விட்டாள். சாவிக்கொத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். கடைசியில் சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சாப்பிட்டேனாடி?" என்று என்னைக் கேட்பாள். நான் ஒரு நாளும் உண்மையைச் சொல்லவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் எப்படிம்மா?" என்று கேட்டார். "தங்கமான குணம்க்கா" என்றேன். அம்மா இறந்துபோன பிறகு அவன் பார்வை என் பக்கம் திரும்பியிருந்தது. என் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்திருந்தன. நீங்கள் வந்தால் நான் தப்பிக்கலாம். தப்பித்தேன், அண்ணி.

கட்டில் போட்டாயிற்று. வாருங்கள். வந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 14

நேற்று வீட்டை விட்டு வந்துவிட்டேன். உன்னிடம் வரவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. பதினாலு வயதுச் சிறுமியை நான் குறை சொல்ல மாட்டேன். என் அக்காவுக்குப் பதில் சொன்ன இருபத்துநாலு வயதுப் பெண்ணைத்தான் மன்னிக்க மனசு வரவில்லை. நீ இல்லாவிட்டால் நான் கிளம்பியிருக்கவே மாட்டேன். அதுவும் தெரியும். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

என் சான்றிதழ்களைக் கடைக்கு அனுப்பு, முதலாளி என்னிடம் சேர்த்துவிடுவார். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா போய் அப்படிச் செய்வாராம்மா?" என்கிறாள். நீ சொன்னால் நம்புவாள். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

கோபம் ஆறினால் எழுதுகிறேன். காத்திருக்காதே.


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன என்று உங்கள் முதலாளி சொன்னார். நீங்கள் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

விடுதிக்குப் போய் உங்கள் மகளைப் பார்த்தேன். அரிசி டப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். "அப்போ பாட்டிக்கு ஒண்ணுமே இல்லையா அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்தாளாமே. அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இங்கே வந்தான். "அவளை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றான். தெரியாது என்றேன். பிறகு, முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அம்மா சாவியை அரிசி டப்பால போட்டது நீதான். நான் பார்த்தேன்."

அவன் கோபப்படவில்லை, அண்ணி. என் தலையைத் தடவிக் கொடுத்தான். "பாவம், உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? டாக்டரைப் போய்ப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாவிதானா? அரிசி டப்பாதானா? நான் பார்த்தேனா, இல்லை நானாகக் கற்பனை செய்துகொண்டேனா? அரை மணி நேரம் எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

அரை மணி நேரத்துக்கே இப்படி. நீங்கள் அவனோடு இருபத்திரண்டு வருடம் இருந்தீர்கள். என்ன நடக்கும் என்று தெரிந்தே உங்களை அங்கே அனுப்பினேன்.

பதில் போட வேண்டாம்.

வாலு