வெள்ளி மாலைக் கூட்டம் புதனுக்கு மாறியது

அன்புள்ள டேவிட் அண்ணை,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் "அண்ணை" என்று கூப்பிட்டால் எங்கள் வரைபட அலுவலகத்தின் மறுகோடியிலிருந்து "ஓம்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு உங்கள் யூத ஆலயத்தின் மதிலில் யாரோ "வெளியேறுங்கள்" என்று மையால் எழுதிவிட்டார்கள். எங்கள் இனவெறி எதிர்ப்புக் குழு பள்ளிக்கூடங்களுக்காகத் தயாரிக்கும் கைநூலில் அதையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். தலைவர், நம் டொக்டர் சிவபாலன், என் பக்கம் சாய்ந்து சிரித்தார்.

"ஐயா, யூதர் எண்டா அவையும் வெள்ளைக்காரர்தானே. வசதியாவும் இருக்கினம். இது நிறத்தைப் பற்றின புத்தகம். உங்கட சிநேகிதர் ஒரு கூட்டத்துக்காவது வந்தவரோ?"

பேருந்தில் மணி அடிக்கவே கூச்சப்படுகிறவன் நான். என்றாலும் வாய் திறந்துவிட்டது.

"நாங்கள் கூட்டம் வைக்கிறது எப்பவும் வெள்ளி பின்னேரம், டொக்டர். அவையின்ர ஓய்வுநாள் தொடங்குற நேரம். நீங்கள் வெள்ளியில மச்சம் மாமிசம் தொடுவீங்களோ? நாங்களே கதவைச் சாத்திப்போட்டு, ஆள் வரேல்லை எண்டுறம். இனவெறி பிடிச்சவங்கள் எங்களைத் தாழ்ந்தவர் எண்டு தள்ளினாங்கள். அவையை, எல்லாத்தையும் ஆட்டிப்படைக்கிற பணக்காரர் எண்டு தள்ளினாங்கள். 'வசதியா இருக்கினம்' எண்டதும் அந்தப் பொய்யின்ர வால்தான்."

பிறகு எழுந்து, நான் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்தபடி, அதையே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா, அண்ணை? "அவர்கள்" என்ற இடத்தில் "நாங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டுமோ?

டொக்டர் கைநூலின் வரைவை என் பக்கம் நகர்த்தினார். "இவ்வளவு கதைப்பீங்கள் எண்டு தெரியாமல் போச்சே! சரி, அந்தப் பக்கத்தை நீங்களே எழுதுங்கோ" என்றார்.

எழுதும்போது, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நீங்களும் நானும் லிட்கம் என்ற ஊரில் எனக்கு அறை தேடிய நாள்தான் நினைவில் நின்றது. வெள்ளையருக்கு மட்டுமே இந்த நாடு என்ற அரசின் கொள்கை போயிருந்தும் வாசல்கள் திறக்காத நாள். கடைசி வாசலில் நீங்கள் தொப்பியைக் கழற்றி, "இவன் என் தம்பி" என்றீர்கள். வீட்டுக்காரி நம் இரு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் கண்கூடச் சிமிட்டவில்லை. அறை கிடைத்தது.

கைநூல் அச்சாகிவிட்டது, அந்தப் பக்கம் அதில் இருக்கிறது. கூட்டம் இனிப் புதன்கிழமை. போன புதன் உங்கள் மகள் ரூத் வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உங்கள் சமாதிக்குப் பூ கொண்டுவர மாட்டேன். உங்கள் வழக்கப்படி ஒரு சிறு கல் வைப்பேன். யார் நீ என்று அங்கே எவராவது கேட்டால், கண்கூடச் சிமிட்டாமல், அன்று அந்த வாசலில் நீங்கள் சொன்னதையே சொல்வேன்.

உங்கள் தம்பி,
கணேசன்