நேரச் சாவி

கல்லூரிக் கணினிகளை இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்சை இன்று காலை சுவரிலிருந்து கழற்றினேன். சூடான தூசி வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அப்போதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. புதியதைப் பொருத்தியாயிற்று. நேரச் சாவியைக் கேட்டுக்கொண்டு திரை காத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, நீ போய் இரண்டு வருஷம் கழித்து, உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலையடிவாரத்துக் கல்லூரியில் நெட்வொர்க் என் பொறுப்பு, கணினி ஆய்வகம் உன் பொறுப்பு. கரண்ட் போய் வந்தால் அந்தச் சுவிட்சு தேதியை மறந்து 1993-க்குப் போய்விடும். "இன்னாக்கா, நாமெல்லாம் ரெண்டாயிரம் தாண்டி வந்துட்டோம், இது மட்டும் தொண்ணூத்தி மூணுலயே குந்திகினு கீது" என்று சிரிப்பாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதற்கும் சர்வருக்கும் நேரம் வைப்பேன். என் கடிகாரமோ, மணவூர் போகும் மாலை வண்டியை விட்டுவிடக் கூடாதென்று எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் ஓடுவது. மனசு பத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும். ஒரு தடவை சுவிட்சுக்கு நேரம் வைக்கும்போது கை அதைக் கழிக்கவில்லை.

அந்த வாரம் யாரோ ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து மதிப்பெண்களைத் திருத்திவிட்டார்கள். அந்தக் கணினி நெட்வொர்க்கில் வந்தது ஐந்து ஆறுக்கு, போனது ஐந்து ஒன்பதுக்கு என்று சுவிட்சின் பதிவு சொன்னது. வகுப்பு ஐந்துக்கு முடியும். பிறகு பூட்டும்வரை நீ மட்டும்தான் இருப்பாய். பதிவை அச்செடுத்து முதல்வரிடம் கொடுத்தது நான். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலையே ரயில் நிலையத்துக் கடிகாரத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். பத்தைக் கழித்தால் நாலு ஐம்பத்தாறு. அப்போது அறை நிறைய மாணவர்கள். தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். கோழைத்தனம், வேறென்ன?

நாலாம் நாள் உன் நைனா பள்ளிப்பட்டிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல்வர் அறை வாசலில் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எம் பொண்ணு அப்படி செய்யாதும்மா. மிஷின்ல எழுதிகீதுன்றாங்க. மிஷினு பொய் சொல்லுமா?"

"சொல்லும்ங்க" என்றேன். உள்ளே போய், சுவிட்சின் கடிகாரம் பத்து நிமிஷம் முந்திவிட்டது, மிஷின் கோளாறு என்றேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் நீயே வந்து நின்றாய். "இனிமே கையால டைம் வெக்காதக்கா. சர்வரு இன்டர்நெட்ல இருந்து எடுத்துக்கட்டும், சுவிட்சு சர்வர கேட்டுக்கட்டும். வேற யார்னா டைம் சொன்னா நம்பாத மாதிரி சாவி போட்டுடலாம்." இரண்டு பக்கமும் ஒரே சாவிச்சொல் இருந்தால்தான் சுவிட்சு அந்த நேரத்தை ஏற்கும். நீ சுவிட்சுக்கு முன்னால் உட்கார்ந்தாய், நான் சர்வருக்கு முன்னால்.

"சாவி இன்னா வெக்கலாம்?" என்றேன்.

"பத்து நிமிஷம்னு போடு."

என் விரல்கள் நின்றுவிட்டன. நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆங், போட்டியா?" என்று மட்டும் கேட்டாய். போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு நேரமும் ஒன்றாயின. டீ குடிக்கக் கூப்பிட்டாய்.

அதன்பின் எத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்! ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? எப்போது தெரிந்தது உனக்கு? வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த மூன்று நாளிலேயே தெரியுமா? உன் கடைசி நாட்களில், மருத்துவமனையில் உன் கட்டிலருகே கேட்டுவிட நினைத்தேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றே பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

மிஷின் பொய் சொல்லவில்லையடி. நான் கொடுத்த நேரத்தைத்தான் அது சொன்னது. பொய் சொன்னவள் நான்.

கைக்கடிகாரத்தை, நாம் சாவி போட்ட அன்றே சரியான நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். அதற்குப்பின் எத்தனையோ மாலை வண்டிகளை விட்டிருக்கிறேன். புதிய சுவிட்சுக்குப் புதிய சாவிதான் வைக்க வேண்டுமாம். வைத்துவிடுவேன். உன் சாவி எனக்கு மறக்கப்போவதில்லை. உன் நைனா அன்று கேட்ட கேள்விக்குச் சரியான பதிலும் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டு பஸ் ஏறுகிறேன்.