நீ அனுப்பும் மாத்திரை டப்பா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். நான் நன்றாக இருக்கிறேன், அப்பா இப்போது பரவாயில்லை. இப்போது என்று ஏன் எழுதினேன் என்றால், போன வாரம் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து நிற்கவே இல்லை, முகம் கழுவும் தொட்டியெல்லாம் சிவப்பு. நான் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே மாடிவீட்டு டிரைவரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பதறாதே, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. திரும்பி வந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன், தைக்க வந்து பாதியில் கிடந்த பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்தேன். மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது மனசு, குத்தினாலும் தெரியவில்லை.

விஷயம் நீ அனுப்பும் டப்பாதான். மீன் எண்ணெயும் மஞ்சள் சத்தும் சேர்ந்த அந்த மாத்திரை உடம்பின் செல்களைப் பழுதாகாமல் காக்கும், மூப்பைத் தள்ளிப்போடும் என்று நீ சொன்னதை அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, என் உடம்புல ஒவ்வொரு செல்லும் இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கு என்று பீற்றிக்கொள்வார். இதயத்துக்கு மாத்திரை எழுதும் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா என்று கேட்பார், நாங்களும் இல்லை என்போம். பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அது மருந்தே இல்லை, பிள்ளை அனுப்புவது, அவ்வளவுதான். இந்தத் தடவை துருவித் துருவிக் கேட்டதும்தான் உறைத்தது, டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். வயசானவங்களுக்கு இதால கொஞ்சம் நல்லது நடக்கலாம், இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு, ஆனா ரத்தம் உறையாம இருக்க நாங்க கொடுக்கிற மாத்திரையோட இது சேரக்கூடாது, அடுத்த தடவை மூக்குல வராம தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா எங்க கையில எதுவும் இல்லம்மா என்றார்.

டப்பாவைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன். பட்டறையில் பழகிய கை சும்மா இருக்குமா, மறுநாளே ஸ்க்ரூடிரைவரால் பூட்டைக் கழற்றிவிட்டு உன் அப்பா திருட்டுப்பூனை மாதிரி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒன்று போட வேண்டியதை இத்தனை நாளும் மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். இந்த டப்பா முடியறதுக்குள்ள வந்துடுவேன்ப்பா என்று நீ போனில் சொன்னாயாம். சீக்கிரம் காலியானா சீக்கிரம் வருவான்ல என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த டப்பா முடிந்து அடுத்த டப்பா தபாலில் வந்தது, அதுவும் முடிந்து இதுவும் வந்துவிட்டது. வாயில் போட்டதெல்லாம் செல்லுக்காக இல்லையடா.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, உனக்கு அங்கே வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். நான் நிறுத்தச் சொன்னால் அவர் காதில் ஏறாது, டாக்டர் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்து விழுங்குவார். நீதான் சொல்ல வேண்டும். மாத்திரையைப் பற்றிப் பேசாதே, அதில் உன்னை ஜெயித்துவிடுவார். இந்த வருஷம் வர முடியாது என்றால் வர முடியாது என்றே சொல்லிவிடு. இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே. மகராசனாக இரு. இனி டப்பா அனுப்பாதே, மறந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா