படகுத்துறை முனையில் ஓர் அம்பு

என் ஓட்டக்காரிக்கு,

உன் காலணியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அதற்குள்தான் வைக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

என் முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ அந்தப் பல் மருத்துவரோடு ஓடப் போவதில் எனக்கு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை. நல்ல மனிதர். காலுறையில்கூட ஒரு சுருக்கம் கிடையாது. ஏரியைச் சுற்றி நான் கண்டுபிடித்த ஐந்து பாதைகளில் நாணல் பாதைதான் அழகு என்று என்னிடம் சொல்வாய். நேற்று வாசலில் நின்று அவரிடமும் அதையே சொன்னாய். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பற்பசை விளம்பரம் தோற்றுப்போகும்.

இன்று விடியும் முன்பே ஊன்றுகோலோடு படகுத்துறை முனைக்குப் போனேன். நாணல் பாதை பிரியும் இடத்தில் நான் நட்ட அம்புப் பலகையைச் சதுப்புப் பக்கம் திருப்பிவைத்தேன். உனக்கு வழி மனப்பாடம், அவர்தான் மாட்டுவார் என்று கணக்குப் போட்டேன்.

நீ முட்டிவரை சேறோடு வந்தாய். அவர் காலணி பளபளவென்று இருந்தது.

"அந்தப் பக்கம் ஒரே சேறு, அம்பு தப்புன்னு அப்பவே சொன்னேன். இவங்க கேக்கல," என்றார்.

"புதுசா ஏதோ வழி கண்டுபிடிச்சிருக்கார்னு நெனச்சேன். இவர் வச்ச அம்பு தப்பாகாதுங்க," என்றாய் நீ.

அதைக் கேட்டதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மறுபடி படகுத்துறை முனைக்குப் போனேன்.

பலகையை நேராக்கிவிட்டேன். நாளைக்கும் அவரோடு ஓடு. நாணல் பாதையை மட்டும் என் முட்டி தேறும்வரை விட்டுவை.

இப்படிக்கு,
அம்பைத் திருப்பிய உன் வீட்டுக்காரன்