கோட்டை மூலையில் அப்பா போட்ட சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அப்பாவுக்குக் காதைத் தவிர எல்லாம் சுகம். பயப்படாதே, அந்தக் காதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா புது கார் வாங்கிய பெருமையில் எங்களை மலைமேல் இருக்கிற பழைய கோட்டைக்கு அழைத்துப் போனான். கார் அடிவாரம் வரைக்கும்தான் போகும் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி. மூச்சு வாங்குகிறது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று சத்தமாகப் படித்தான், குப்பை போடாதீர்கள் என்ற பலகையை மட்டும் இரண்டு தடவை. மேலே ராணி குளித்த தொட்டி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு ஆடு படுத்திருந்தது. பீரங்கி முழுக்கக் காதலர்கள் பேர். கீழே ஆறு பாவாடை நாடா அகலத்துக்குத் தெரிந்தது. இந்தக் கோட்டையைப் பிடிக்க ஏழு வருஷம் சண்டை போட்டார்களாம், அவர்களில் யாருக்கும் முழங்கால் வலி இருந்திருக்காது.

ஆற்றைப் பார்த்த மூலையில் நின்ற காவலாளி, இங்கேருந்து யாரைக் கூப்பிட்டாலும் பள்ளத்தாக்கு மூணு தடவை திருப்பிச் சொல்லும் என்றார். மாமா ஹலோ என்றான், மூன்று ஹலோ வந்தது. அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முப்பது வருஷம் மாவு மில்லில் கத்திய தொண்டையைத் திறந்து, பூசணி என்று கூப்பிட்டார். உன்னைத்தான். நீ குழந்தையில் இருந்த பருமனுக்கு அவர் வைத்த பேர், அதை அவர் வாயால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. பூசணி, பூசணி, பூசணி என்று ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு இன்னும் காத்திருந்தார். அப்புறம் காவலாளியிடம், இது ரிப்பேர் போலிருக்கே என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மில் சத்தத்தில் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு பழகினவர், வீட்டிலும் அப்படித்தான் சமாளித்திருக்கிறார். நான் பேசினால் முகத்தையே பார்க்கிறாரே, என்ன பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனுக்கு ஏது முகம். இரண்டு மாசம் முன்னால் நீ அழுதுகொண்டே, லீவு இல்லப்பா, வருஷக் கடைசிக்கு வர முடியாது என்று சொன்னாயே, அதற்கு அவர், ரொம்ப சந்தோஷம், உடம்பைப் பாத்துக்கோ என்று போனை என்னிடம் நீட்டினார். குத்திக் காட்டுகிறார் என்று நீ முறைத்துக்கொண்டாய், அதிலிருந்து அப்பா எங்கே என்றுகூடக் கேட்பதில்லை. நானும் உன் கட்சியில் சேர்ந்து நாலு நாள் அவரோடு பேசவில்லை, அது அவருக்குத் தெரிந்ததா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மறுநாளே உன் அறைச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார், கோபம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன், வெள்ளையடிக்கத்தான் எடுத்திருக்கிறார். உன் கட்டிலுக்குக்கூட பெயின்ட் அடித்திருக்கிறார்.

படியிறங்கும்போது அவர் முன்னால் போய் நின்று, மூணு தடவை வந்துச்சு, நல்லாவே வந்துச்சு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது வந்தா என்ன வராட்டி என்ன, அவதான் வருஷக் கடைசிக்கு வராளே என்றார். நீ சொன்னதில் அதுவரைக்கும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

நீ வரவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காது டாக்டரிடம் புதன்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், என் முழங்காலுக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும். வருகிற ஞாயிறு மாமாவின் போன் இங்கே இருக்கும், முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகப் பேசு, அழாதே, அழுதால் உதடு கோணும், அவருக்குப் புரியாது. வேளைக்குச் சாப்பிடு, நோய் நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். லீவை மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பார். கிடைத்துவிட்டால் அப்பாவிடம் எதையும் திருத்திச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குச் சரியாகத்தான் கேட்டது என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா