அறுபதில் நின்ற நேரம்

9 ஜூலை 1996, செவ்வாய்

ரப்பர் ஷீட் புகைக்கூடத்தில் எப்படி உலர்கிறது என்பதற்கு நான் எழுதிய சமன்பாட்டை, கல்லூரிக் கணினி மூன்றாவது நாளாக இன்றும் ஏற்கவில்லை. அதில் டி என்ற எழுத்துதான் நேரம். ஈரம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று கேட்டால், அறுபதைக் கொண்டு வகையிட முடியாது என்கிறது. அறுபது என்று நான் எங்குமே எழுதவில்லை. நாலு மணி நேரம் வரிவரியாகத் திருத்தியும் பலனில்லை.

மாலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸில், என்னோடு ஆய்வு செய்யும் ஷைலாவிடம் புலம்பினேன். தினமும் காலையில் அதே கணினியில் அவள்தான் வேலை செய்கிறாள்.

"மக்கா, அந்த அறுபது என்னுடையதாக்கும். புகைக்கூடத்துச் சூடு. நான் சூட்டுக்கு டி-ண்ணு வச்சிருக்கேன்."

அவள் மூடாமல் விட்ட புரோகிராமிலேயே நான் தொடர்ந்திருக்கிறேன். அதன் நினைவில் கிடந்த அவளுடைய அறுபது, என் டி வரும் இடமெல்லாம் புகுந்துவிட்டது.

"ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கப்படாதா?"

"நீ அதை அடைச்சிட்டுத் திறந்திருந்தா அழிஞ்சு போயிருக்குமே."

அதுவும் சரிதான். அதனால்தான் எரிச்சல் அடங்கவில்லை.

சமன்பாடே தப்பு, அந்த அத்தியாயத்தை விட்டுவிடுகிறேன் என்று என் ஆய்வு வழிகாட்டிக்கு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். நாளை தபால்காரர் வருமுன் திருவனந்தபுரத்தில் அவர் வாசலில் நிற்க வேண்டும். என்ன ஆயிற்று என்று கேட்டால், எந்த முகத்தோடு சொல்ல?