மூலக்குளம் வீட்டுக்கு ஆள் பார்க்கிறோம்

ஜனவரி 19, 2025 - ஞாயிறு

இன்று ஒரு பார்ட்டி வந்தது. விழுப்புரத்துக் குடும்பம். இரண்டு கார், ஏழு பேர். வாங்கப் போகிறவர் ஒருவர்தான்; மற்ற ஆறு பேரும் குறை கண்டுபிடிக்க வந்தவர்கள். ஒரு பெரியவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த் தெரு நேராக வந்து எங்கள் கேட்டில் முட்டுகிறது. "தெருக்குத்து இருக்குதே" என்றார். அதோடு சரி, உள்ளே வரவே இல்லை.

மற்றவர்கள் வந்தார்கள். போன நவம்பர் புயலுக்குத் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். தெருவில் முழங்கால் அளவு, வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை என்றேன். கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டில் போய் மறுபடியும் கேட்டார்கள்.

"ஏன் விக்கறீங்க?"

"பொண்ணு பெங்களூர்ல வேலையில இருக்குது. அதுகூடவே போயிடலாம்னு."

நான் சொன்னேன். பக்கத்தில் நின்று என் கணவர் தலையாட்டினார். புரோக்கர் வடிவேல் சொல்லிக்கொடுத்த பதில். "உண்மையச் சொல்லிடாதீங்கக்கா. அவசரத்துல விக்கறாங்கன்னு தெரிஞ்சா அடிமாட்டு வெலைக்குக் கேப்பானுங்க."

உண்மை இதுதான். நானும் நெடுமாறனும் பிரிந்துவிடுவது என்று தீபாவளிக்கு அடுத்த வாரம் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சண்டை இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட நாங்கள் பேசி எட்டொன்பது வருடம் ஆகிறது. மனை என் அப்பா மில்லில் கணக்கு முடித்த பணத்தில் வாங்கிக் கொடுத்தது. கட்டடம் அவர் லோன் போட்டுக் கட்டியது. பத்திரம் இரண்டு பேர் பேரிலும். முதலில் வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டு வாருங்கள், விவாகரத்து மனு போடுவது சுலபம் என்றார் வக்கீல். மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

மகள் கவிநிலாவுக்கு இன்னும் சொல்லவில்லை. விற்றதும் சொல்லிக்கொள்ளலாம் என்று.

ஜனவரி 23

வடிவேலுக்குப் போன் போட்டேன். "யோசிச்சுச் சொல்றோம்னாங்கக்கா." யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்ன யாரும் இதுவரை சொன்னதில்லை.

பிப்ரவரி 2 - ஞாயிறு

விடிந்ததிலிருந்து வேலை. பெருக்கி, துடைத்து, பாத்ரூமுக்கு ஆசிட் ஊற்றி, அடுப்படி மேடையில் ஒரு டம்ளர்கூட இல்லாமல் எடுத்து வைத்து — யாரோ வந்து பார்த்துவிட்டுப் போவதற்காக. அவர் மாடி அறையில் இருக்கிறார், நான் கீழே. வடிவேல் யோசனைப்படி என் புடவை இரண்டை மாடி அறைக் கொடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமாம்.

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணி வரை வரவில்லை. அவர் ஹாலில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். சமைத்தால் வாசனை வரும் என்று சமைக்கவும் இல்லை. கடைசியில் வடிவேல் போன். "அவங்க வேற எடம் பாத்துட்டாங்கக்கா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 12

தெருக்குத்துக்கு எதிரே ஒரு பிள்ளையார் வைத்தால் பேச்சே வராது என்கிறார் வடிவேல். வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"சாமி பேரு வேணான்னு எங்கப்பா எனக்கு நெடுமாறன்னு பேரு வெச்சது, புள்ளையாரக் காட்டி வூடு விக்கறதுக்கா?"

மனுஷன் வாய் திறந்து முழுசாக ஒரு வரி பேசியது, பொங்கலுக்குப் பிறகு இதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நானே போய் வாங்கி வந்து கேட்டுத் தூணில் வைத்தேன். அவர் எடுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 27

லேபில் இன்று ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினேன். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எனக்கு இப்படி ஆனதில்லை. கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது, வடிவேலாக இருக்குமோ என்று ஒரு நொடி. அந்த அம்மா கையைத் தடவிக்கொண்டார். போனில் வந்தது ஏதோ லோன் கம்பெனி.

மார்ச் 9 - ஞாயிறு

அஞ்சலாட்சி என்று ஒரு அம்மா, மருமகளோடு வந்தார். வில்லியனூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். தெருக்குத்துக்குக் கவலைப்படவில்லை, பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார். இவங்க வாங்கிடுவாங்க, வாங்கிடுவாங்க —

மாடிக்குப் போனார். கட்டிலைப் பார்த்தார். ஒற்றைக் கட்டில், ஒரு தலையணை. கொடியில் மடிப்புக் கலையாத என் இரண்டு புடவைகள். கீழே இறங்கி என் அறையைப் பார்த்தார். அங்கேயும் ஒற்றைக் கட்டில்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அவுரு வேற நீ வேறயா?"

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

"நான் தப்பா சொல்லலம்மா. எம் புள்ளைக்கு இப்பதான் கல்யாணம் ஆயிருக்குது. மனசு முறிஞ்சு விக்கற வூட்டுல அதுங்களக் குடிவெக்க எனக்கு மனசு வரல."

அந்த அம்மா மேல் கோபமே வரவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 30 - ஞாயிறு

எரிச்சலில் எழுதுகிறேன். சென்னையிலிருந்து ஒரு ஜோடி. வயசுப் பிள்ளைகள். எல்லாம் பிடித்திருந்தது. விலைகூடப் பேசவில்லை. புறப்படுகிற நேரத்தில் அந்தப் பையன் இவரிடம், "வேற ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?" என்று கேட்டான். இவர் அவனைப் பின்பக்கம் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டுகிறார்! மழைக் காலத்தில் ஊறுமாம். இங்கிருந்து இது வரைக்கும் என்று கையால் கோடு போட்டுக் காட்டுகிறார்!

அவர்கள் போனதும் கேட்டேன். "யாரு உங்களச் சொல்லச் சொன்னது?"

"அவன் கேட்டான். சொன்னேன். கட்டனவன் நானு."

"அப்ப பொண்ணுகிட்ட போறோம்னு நாலு மாசமா தலையாட்றீங்களே, அது இன்னா?"

"அது நம்ம விஷயம். செவுரு அவன் விஷயம்."

நட்ட கல் போல ஒரே இடத்தில் நிற்கிற மனுஷன்! இவருக்கு விற்க விருப்பமே இல்லையோ? இல்லை, எனக்குத்தான் அவசரம் அதிகமோ? யாரிடம் ஓடப் போகிறேன்? எங்கே? ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு யாருக்காகவும் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திராத ஒரு வீடு. அவ்வளவுதான் வேணும் எனக்கு.

ஏப்ரல் 8

மதியம் கவிநிலா போன். லேபில் இருந்தேன்.

"அம்மா, இங்க ஆபீஸ்ல ஒருத்தங்க பாண்டில வீடு தேடறாங்க. வீடு விக்கற ஆப்புல காட்டனாங்க. என் ரூம் வந்திருக்குதும்மா. பீரோவுல நான் ஒட்டின ஸ்டிக்கரோட."

வடிவேல் படம் எடுத்துப் போட்டது. "வேலையா இருக்கறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 13 - ஞாயிறு

கவிநிலா காலையிலேயே வந்துவிட்டாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். கடைசியாக எப்போது அப்படி உட்கார்ந்தோம் என்று நினைவில்லை. அவர்தான் சொன்னார். இரண்டே வாக்கியம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. "எட்டாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும்ப்பா. அம்மாகிட்ட சொல்லுன்னு எங்கிட்ட சொல்லுவீங்க. அப்பாகிட்ட சொல்லுன்னு அம்மா சொல்லுவாங்க. நீங்க பிரியறது எனக்குக் கஷ்டமில்ல. ஆப்புல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேனே, அதான்."

அப்போதுதான் அழுதாள். அவர் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். நான் அந்தப் பக்கம் நின்றேன். எங்களுக்கு நடுவில் அவள்.

சாப்பிட்ட பிறகு கேட்டாள். "வீடு விக்கலன்னா?"

"விக்கும்" என்றேன்.

"அஞ்சு வருஷம் விக்கலன்னா? அஞ்சு வருஷமும் வீட்டத் தொடச்சி வெச்சிக்கிட்டு இப்படியே இருப்பீங்களா?"

மோட்டார் ஓடுகிறது என்று அவர் எழுந்து போனார். மோட்டார் ஓடவில்லை.

மே 11

அக்னி வெயில். ஒருவரும் இல்லை. வடிவேல் இப்போதெல்லாம் நான் போன் போட்டால் எடுப்பதில்லை. இன்று எடுத்து, "மார்க்கெட்டே படுத்துடுச்சிக்கா. உங்களுது மட்டுமா?" என்றார். மூலக்குளத்தில் மட்டும் 'வீடு விற்பனைக்கு' போர்டு பதினான்கு எண்ணினேன், பஸ்ஸில் போகும்போது. விலையைக் குறைக்கலாம் என்று ஒரு சீட்டில் எழுதி இவர் மேசையில் வைத்தேன். கீழே 'சரி' என்று எழுதி வைத்திருந்தார்.

ஜூன் 15 - ஞாயிறு

முடிந்தது! முடிந்த மாதிரிதான்!

நாராயணசாமி என்று ஒருவர். மின்துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர். வீடு கருவடிக்குப்பத்தில். மகள் இங்கே மூலக்குளத்தில் இருப்பதால் பக்கத்தில் வர வேண்டும். வடிவேல் பிள்ளையாரைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். "முப்பது வருஷம் கரண்ட் கம்பத்துல ஏறனவன்யா நானு. தெரு குத்தியா சாவப் போறேன்?" என்று சிரித்தார். பின்சுவரை இவர் காட்டினார். அவர் தட்டிப் பார்த்து, "பூசிக்கலாம்" என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தன் வீட்டுக்கு ஆள் பேசி முடித்தாயிற்று, ஆவணியில் பத்திரம் என்றார்.

கவிநிலாவுக்குச் சொன்னேன். "சரிம்மா" என்றாள். நானும் அவரும் ஹாலில் கொஞ்ச நேரம் நின்றோம். "காபி போடட்டுமா?" என்றேன். "போடு வாணி" என்றார்.

ஜூன் 22 - ஞாயிறு

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீடு பார்த்தேன். லேபுக்கு நடந்து போகிற தூரம். ஒரு அறை, சின்ன அடுப்படி, துணி காயப்போட மொட்டை மாடி. வீட்டுக்கார அம்மா ராஜாம்பாள் கீழே இருக்கிறார்.

"எத்தன பேரு?" என்றார்.

"நான் மட்டுந்தான்."

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அந்த அம்மா மேலே ஒன்றும் கேட்காமல், குப்பை வண்டி ஏழு மணிக்கு வரும் என்றார். ஆடிக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 11 - வெள்ளி

நாராயணசாமி வந்தார். தனியாக. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அவர் வீட்டை வாங்க இருந்தவர் பின்வாங்கிவிட்டாராம். அது போகாமல் இதை வாங்க அவரால் முடியாது.

"உங்களத் தொங்கல்ல விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. அட்வான்ஸ நான் கேக்க மாட்டேன்."

வடிவேல் போனில் கத்தினார். "அக்ரிமெண்ட்ல இருக்குதுக்கா. திருப்பித் தராதீங்க."

இவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு முடிவுக்காக என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்தப் பெரிய மனுஷனுக்கும் எங்களைப் போலத்தானே? விலைபோகாத ஒரு வீட்டை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்.

"குடுத்துடுங்க" என்றேன்.

உடனே உள்ளே போய்ச் செக் எழுதி எடுத்து வந்தார். நான் சொல்வதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

ஜூலை 13 - ஞாயிறு

மறுபடியும் முதலிலிருந்து. ஆடி பிறந்துவிட்டால் ஒருவனும் வீடு பார்க்க வரமாட்டான். பிறகு ஆவணி. பிறகு மழை. பிறகு, தண்ணி வந்துச்சான்னு கேட்பார்கள். தை. இன்னொரு தை. காலையிலிருந்து அறைக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். ராஜாம்பாளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என் சம்பளத்தில் வாடகை கொடுக்க முடியுமா? முடியும். இறுக்கிப் பிடித்தால் முடியும். அப்புறம் என்ன?

மாடிக்குப் போய் அவரிடம், "நான் புதன்கெழம போறேன்" என்றேன்.

"வீடு விக்கலியே."

"விக்கட்டும். விக்கும்போது வந்து கையெழுத்துப் போடறேன்."

"ஆவணிக்கு மேல போயேன்" என்றார். ஆடி, ஆவணி எல்லாம் அவர் பார்க்கிறவர் இல்லை. அது எனக்கும் தெரியும், நான் தெரிந்துகொண்டேன் என்று அவருக்கும் தெரியும்.

"இல்லங்க. போறேன்."

ஜூலை 16 - புதன்

ஒரு டாடா ஏஸில் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் லீவு போட்டிருந்தார். கட்டிலைக் கழற்றி, மாடிப்படியில் ஏற்றி, மாட்டிக் கொடுத்தார். அடுப்படிக் குழாய் சொட்டுகிறது என்று வாஷர் மாற்றினார். வேலை முடிந்தும் ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்ட இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சாப்ட்டுப் போங்க" என்றேன்.

"இல்ல. டாடா ஏஸ்காரன் நிக்கறான்."

அவர் இறங்கிப் போன பிறகு வாசலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வருத்தமா என்று கேட்டால் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3 - ஞாயிறு

எட்டரை மணி வரை தூங்கினேன்.

செப்டம்பர் 16 - செவ்வாய்

கேஸ் ஏஜென்சியில் நீண்ட வரிசை. புது விலாசத்துக்குத் தனியாக ஒரு கனெக்ஷன். நிற்கும்போது வடிவேல் போன். அரியாங்குப்பத்துப் பார்ட்டி ஒன்று ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறதாம், நானும் இருந்தால் நன்றாக இருக்குமாம். "சாரே காட்டுவாரு வடிவேலு. எனக்கு ஞாயித்துக்கெழம பொண்ணு வருது" என்றேன். வீடு இன்னும் போகவில்லை. போகாவிட்டாலும் மனு போடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நானும் அவரும் போகிறோம்.

கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். "குடும்பத் தலைவர் பேரு எழுதலியே."

பேனா வாங்கி, கலைவாணி என்று என் பேரை எழுதினேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்திரை குத்திவிட்டு, "சிலிண்டர் வியாழக்கெழம வரும், வீட்டுல ஆள் இருப்பீங்களா?" என்றாள்.

இருப்பேன் என்றேன்.